நாரா பெரிய புத்தர்: ‘அப்படியே நிற்கிறது’ என்பது சரியல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானின் நாரா நகரில் தோதாய்ஜி கோயிலில் இருக்கும் பெரிய புத்தரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தோம். படங்கள் அருமை. ஆனால் மூன்று தகவல்கள் தவறாக வந்திருக்கின்றன. ‘இரண்டு போர்களில் கோயில் எரிந்தும் ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே நிற்கும் சிலை’ என்று படத்தின் கீழே இருந்த வரி முதல் தவறு. சிலை மெழுகு வார்ப்பில் செய்யப்பட்டது என்பது இரண்டாவது. 752இல் விழா எடுத்துச் சிலைக்குக் கண்ணை எழுதித் திறந்துவைத்த இந்தியத் துறவி போதிசேனர் மதுரைக்காரர் என்று உறுதியாகச் சொன்னது மூன்றாவது. சிலைகளையும் வார்ப்பையும் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுபவர்கள் இவற்றைத் திரும்பத் திரும்ப எடுத்தாள்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

போரில் அந்தச் சிலை தப்பியது உண்மைதான். ஆனால் இரண்டு முறையும் தலை போயிற்று. இன்று அங்கே உட்கார்ந்திருக்கும் புத்தரின் உடம்பில் நான்கு காலங்களின் செம்பு இருக்கிறது. பீடத்துத் தாமரை இதழ்களில் ஒரு பகுதி, தொடைப் பகுதி, கைகளிலிருந்து தொங்கும் அங்கி மடிப்புகள், வலது விலாவில் ஒரு பகுதி ஆகியவை 8ஆம் நூற்றாண்டு. உடலின் பெரும்பகுதி முதல் எரிப்புக்குப் பிறகு 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் வார்த்தது. கைகள் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. தலை 1690இல் முடிந்தது. சிலையின் முகம் பழங்கால நாரா முகம் போல் இல்லையே என்று கலை வரலாறு படித்தவர்கள் திகைப்பதற்குக் காரணம் இதுதான். அது 17ஆம் நூற்றாண்டின், அதாவது ‘எடோ காலம்’ எனப்படும் காலத்தின் முகம்.

முதலில் அந்தச் சிலை எப்படி வார்க்கப்பட்டது என்று தெரிந்தால்தான், தீயில் எது போகும், எது நிற்கும் என்பது புரியும். பேரரசர் ஷோமு 743இல் ஆணையிட்டார். அந்த ஆணையில் ஒரு பகுதி மனதில் நிற்கக்கூடியது: ஒரு புல்லையோ ஒரு பிடி மண்ணையோ கொண்டுவந்து உதவ விரும்புகிறவனையும் தடுக்க வேண்டாம், அதே நேரம் இந்த வேலையைச் சாக்கிட்டு அதிகாரிகள் ஊர் மக்களிடம் கட்டாய வசூல் செய்யக் கூடாது. வேலை முதலில் ஷிகராகியில் தொடங்கி, 745இல் நாராவுக்கு மாறியது. செப்பு ஊற்றத் தொடங்கியது 747இல். 749இல் உடல் வார்ப்பு முடிந்தது. பொறுப்பேற்றிருந்த சிற்பி குனினாகா நோ கிமிமாரோ.

இது சுவாமிமலை முறை அல்ல. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவது நம்மிடம் உள்ள முறை. 15 மீட்டர் உயரத்துக்கு மெழுகு வைத்தால் அதன் எடையிலேயே அது சாயும்; அப்படிப்பட்ட மண்ணச்சைத் தூக்கவும் முடியாது, சூளையில் வைத்துச் சுடவும் முடியாது. ஆகவே நாராவில் செய்தது துண்டு அச்சு வார்ப்பு. மரத்தூண்களும் கிளைப் பின்னலும் கொண்ட எலும்புக்கூட்டின் மேல் மண்ணால் முழு அளவு புத்தரைச் செய்தார்கள். உள்ளே கரடுமுரடான மண், மேலே வர வர நைசான மண். அது காய்ந்ததும், அதன் மேல் வெளி அச்சைப் பகுதி பகுதியாக மண்ணில் அழுத்தி எடுத்து, கழற்றிச் சுட்டார்கள். பிறகு மண் புத்தரின் மேற்பரப்பைச் சுரண்டினார்கள். எவ்வளவு கனத்துக்குச் செம்பு வேண்டுமோ அவ்வளவு கனத்துக்கு, சுமார் 5 சென்டிமீட்டர். சுரண்டிய புத்தர்தான் உட்கரு. கழற்றிய வெளி அச்சை மறுபடி அதனதன் இடத்தில் பொருத்தினால், நடுவில் ஓர் இடைவெளி கிடைக்கும். அச்சு உள்ளே சாய்ந்து அந்த இடைவெளி அடைபட்டுவிடாமலிருக்க நடுநடுவே சிறு செப்புத் துண்டுகளை வைப்பார்கள். ஊற்றும் செம்போடு அவையும் ஒன்றாகிவிடும்.

முழுச் சிலையையும் ஒரே மூச்சில் ஊற்ற வழியில்லை. அடியிலிருந்து எட்டு அடுக்குகளாக ஊற்றினார்கள். ஓர் அடுக்கு முடிந்ததும் சுற்றிலும் மண் கொட்டி மேடாக்கி, அந்த மேட்டின் மேல் உலைகளை வைத்து, துருத்தி ஊதி, உருகிய செம்பை வாய்க்கால் வழியாக அச்சுக்குள் விட்டார்கள். வேலை முடிந்தபோது புத்தர் கழுத்தளவு மண்ணில் புதைந்திருந்தார் என்றே சொல்லலாம். பிறகு அந்த மண்ணை மேலிருந்து கீழாக வெட்டி எடுத்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள்.

எங்கே பிசகும் என்பது வார்ப்பு வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். ஓர் உலை தாமதமானால் முன்னே ஓடிய செம்பு விளிம்பில் ஆறிவிடும். பின்னே வருவது அதோடு ஒட்டாமல் மடிந்து நிற்கும். வெளியே பார்த்தால் ஒரு மயிரிழைக் கோடு, உள்ளே முழு விரிசல். அச்சில் ஈரம் இருந்தால் நீராவி கிளம்பிச் செம்பைத் துப்பும், பொத்தல் விழும். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே எப்போதுமே பலவீனம், ஏனென்றால் கீழ் அடுக்கு ஆறிய பிறகுதான் மேல் அடுக்கு வருகிறது. இதற்கு அவர்கள் செய்த வேலை மிகவும் நுட்பமானது. இணைப்பு ஓரத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு குழி வெட்டுவார்கள். அந்தக் குழி வெளியே குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் இருக்கும். அதில் உருகிய செம்பை விட்டால், ஆறியதும் தச்சர்கள் போடும் புறாவால் பூட்டு மாதிரி இரண்டு துண்டையும் பிடித்துக்கொள்ளும். இந்தப் பூட்டும், பொத்தல் அடைப்பும், உளியால் செதுக்கலுமாக ஒட்டு வேலை 750 முதல் 755 வரை நடந்தது. செம்பு ஊற்றிய காலத்தைவிட அதைச் சரிசெய்த காலம் அதிகம்.

அளவுகள் கோயில் பதிவுகளில் இருக்கின்றன. செம்பு 739,560 கின், இன்றைய கணக்கில் சுமார் 500 டன். வெள்ளீயம் 12,618 கின், சுமார் 8.5 டன். தங்கம் 10,446 ரியோ, சுமார் 440 கிலோ. பாதரசம் 58,620 ரியோ, சுமார் 2.5 டன். கரி 16,656 கொகு. கொகு என்பது அரிசி அளக்கும் முகத்தலளவை. செம்பில் பெரும்பங்கு இன்றைய யமகுச்சி மாநிலத்தில் உள்ள நாகநோபோரி சுரங்கத்திலிருந்து வந்தது. கோயில் வளாகத்தில் 1988இல் தோண்டியபோது கிடைத்த செப்புக் கட்டிகளின் வேதியியல் சோதனை அதை உறுதிப்படுத்தியது. அந்தச் செம்பில் இயற்கையாகவே ஆர்சனிக் கலந்திருக்கிறது. வெள்ளீயம் செய்யும் வேலையில் ஒரு பங்கை அது செய்யும்: உருகியது தடங்கலின்றி ஓடும், ஆறியது கடினமாகும்.

தங்கத்துக்கும் பாதரசத்துக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். ஏறக்குறைய ஒன்றுக்கு ஐந்தரை. இது ரசமுலாம். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து வெண்ணெய்ப் பதத்தில் எடுத்து, தேய்த்துச் சுத்தம் செய்த செம்பின் மேல் பூசி, கரி நெருப்பை அருகில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக ஓட்டினால் தங்கம் மட்டும் ஒட்டி நிற்கும். இதை மண்டபக் கூரைக்கு அடியில், 752 முதல் 757 வரை ஆண்டுக்கணக்கில் செய்தார்கள். இரண்டரை டன் பாதரசம் ஆவியான இடத்தில் வேலை செய்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று இன்று ஒரு பட்டறையில் பாதரசத்தைத் தொட்டவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெள்ளீயம் மொத்தத்தில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு என்பதை மறுபடி கவனிக்க வேண்டும். கட்டுரையில் ‘வெண்கலச் சிலை’ என்று இருந்தது. சொல்வழக்கில் தவறில்லை, ஆனால் பொருளில் இது கிட்டத்தட்டச் செம்பு. ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயம் உள்ள மணி வெண்கலம் 800 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகத் தொடங்கிவிடும். இந்தச் செம்புக்கு ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். மணிக்கு ஊற்றும் கலவையில் செய்திருந்தால் முதல் எரிப்பிலேயே மிச்சமின்றிப் போயிருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

போருக்கு முன்பே சிலைக்குச் சிக்கல் இருந்தது என்பதும் பலருக்குத் தெரியாது. எடை தாங்காமல் முதுகுப் பக்கம் விரிசல் விட்டுச் சாய்ந்ததால் 827இல் பின்னால் ஒரு மண்மேடு எழுப்பி முட்டுக் கொடுத்தார்கள். 855இல் நிலநடுக்கத்தில் தலை கழன்று விழுந்தது. 861இல் மறுபடி ஏற்றிப் பூட்டினார்கள். கழுத்துதான் இந்தச் சிலையின் பலவீனம். கனமான தலை, அதன் கீழே குறுகிய சுற்றளவு, அதுவும் அடுக்கு இணைப்பு விழும் இடம்.

முதல் போர் எரிப்பை 1180 என்றும் 1181 என்றும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். இரண்டும் சரி. ஜப்பானிய நாட்காட்டியில் அது 1180க்கு இணையான ஆண்டின் 12ஆம் மாதம் 28ஆம் நாள். ஐரோப்பியக் கணக்கில் 1181 ஜனவரி 15. நாரா மடங்களின் படைத்துறவிகள் அன்று அதிகாரத்தில் இருந்த தைரா குலத்தை எதிர்த்து நின்றதால் அக்குலத்தின் தளபதி தைரா நோ ஷிகெஹிரா படையெடுத்து வந்தார். இரவில் வைத்த தீ காற்றில் பரவித் தோதாய்ஜியையும் பக்கத்திலிருந்த கோஃபுகுஜி கோயிலையும் பிடித்தது. பெரிய புத்தர் மண்டபத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்களும் தீயில் மாண்டார்கள். சிலையின் தலை விழுந்தது, கை விழுந்தது.

மர மண்டபம் எரியும்போது சூடு மேலே போகும். கூரைக்கு அடியில் தேங்கும் வெப்பம் ஆயிரம் டிகிரியைத் தொடும். அங்கேதான் புத்தரின் தலையும் தோளும் இருக்கின்றன. இளகிய கழுத்தின் மேல் உத்திரங்களும் ஓடுகளும் சரிந்து விழுகின்றன. கீழே மடியிலும் பீடத்திலும் அவ்வளவு சூடு ஏறாது. விழுந்த சாம்பலும் உடைந்த ஓடும் குவிந்து அவற்றை மூடி ஒரு போர்வையாகிவிடும். இரண்டு எரிப்புகளிலும் கீழ்ப்பகுதி நின்று மேல்பகுதி போனதற்குக் காரணம் இதுவே. அற்புதம் என்று கட்டுரை சொன்ன இடத்தில் இருப்பது சூட்டின் இயல்பு. மண்டபத்துக்கு வெளியே முற்றத்தில் நிற்கும் எட்டுமுக செப்பு விளக்கு, 4.6 மீட்டர் உயரம், அதுவும் 8ஆம் நூற்றாண்டுதான்; திறந்த வெளியில் இருந்ததால் இரண்டு தீயிலும் பிழைத்தது. கட்டுரையாளர் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதாதது பெரிய குறை. அதன் பக்கப் பலகைகளில் இசைக்கருவி வாசிக்கும் போதிசத்துவர்களை அருகில் நின்று பார்க்கலாம்.

எரிந்த சிலையை மீட்டவர் சோகென் என்ற துறவி. 1181இல் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 61. ஒற்றைச் சக்கர வண்டிகள் ஆறு செய்து, நாடெங்கும் அனுப்பி நன்கொடை திரட்டினார். உள்ளூர் வார்ப்பாளர்கள் தயங்கிய வேலையைச் சோங் வம்சம் ஆண்ட சீனாவிலிருந்து வந்திருந்த சென் ஹெசிங் ஏற்றார். சீனர்கள் ஏழு பேர், குசகாபே நோ கோரெசுகே தலைமையில் ஜப்பானியர்கள் பதினான்கு பேர். இங்கே வேலை புதிதாக வார்ப்பதைவிடக் கடினம். தீயில் நெளிந்த பழைய செம்பின் விளிம்பை வெட்டி நேராக்கி, கறை நீக்கி, அதன் மேல் அச்சுக் கட்டி, புதுச் செம்பை ஊற்ற வேண்டும். குளிர்ந்த பழைய விளிம்பில் சூடான செம்பு பட்டதும் உறைந்துவிடும் ஆபத்து எட்டு அடுக்கு வேலையில் இருந்ததைவிட அதிகம். 1183இல் தலையை வார்த்தார்கள்.

1185இல் கண் திறப்பு. முலாம் முழுவதும் முடியும் முன்பே விழா நடந்தது. துறவு பூண்ட பேரரசர் கோ-ஷிரகாவா தாமே சாரத்தில் ஏறிக் கண்ணை எழுதினார். அவர் கையில் இருந்தது 752ஆம் ஆண்டுத் தூரிகை. போதிசேனர் பிடித்த அதே தூரிகை. இங்கேதான் நமக்கு மெய்யான தொடர்பு இருக்கிறது. அதைச் சரியாகச் சொல்ல வேண்டாமா?

போதிசேனர் இந்தியத் துறவி. 736இல், தாங் வம்சம் ஆண்ட சீனாவுக்குப் போய்த் திரும்பிய ஜப்பானியத் தூதுக்குழுவின் கப்பலில் வந்தார். 751இல் துறவியர் தலைமைப் பதவி கிடைத்தது. அடுத்த ஆண்டு நான்காம் மாதம் ஒன்பதாம் நாள், ஷோமுவுக்குப் பதிலாக அவரே கண் திறந்தார். தூரிகையில் நீண்ட கயிறுகள் கட்டி, கூடியிருந்தவர்கள் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் வரைந்தால் பிடித்த அத்தனை பேரும் வரைந்ததாக ஆகும். போதிசேனர் 760இல் காலமானார். 770இல் சீடர் எழுதிய நினைவு வாசகத்தின் தலைப்பில் அவர் ‘தென்னிந்தியப் பிராமண’ துறவித் தலைவர் என்று குறிக்கப்படுகிறார். தென்னிந்தியா என்பது நம்மிடம் உள்ள ஆதாரம். அதை மதுரை என்று சுருக்குவதற்கு அந்தத் தலைப்பில் இடமில்லை. அவர் தமிழராக இருந்திருக்கலாம் என்று எழுதுங்கள், தவறில்லை. ‘மதுரைத் தமிழர்’ என்று தலைப்பே போடுவது ஆதாரத்தை மீறியது.

அந்தத் தூரிகை இன்றும் இருக்கிறது. மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஷோசோயின் மரக் களஞ்சியம் இரண்டு போர்களிலும் எரியவில்லை. தூரிகை அதில் பாதுகாக்கப்பட்டது. 1185இல் மறுபடி பயன்படுத்திய செய்தி தூரிகையின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது. போரில் ஒரு கீறலும் படாமல் தப்பிய பொருள் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம்.

இரண்டாம் எரிப்பு 1567. மியோஷி குலத்தின் படை தோதாய்ஜி வளாகத்துக்குள்ளேயே பாசறை அமைத்திருந்தது. அவர்களுடைய எதிரியான போர்த்தலைவர் மட்சுனாகா ஹிசாஹிதே பத்தாம் மாதம் பத்தாம் நாள் இரவில் தாக்கினார். தீ யார் கையால் என்பதில் அக்காலப் பதிவுகளே ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. ‘மட்சுனாகா கொளுத்தினார்’ என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. மறுபடி தலை போயிற்று. யமதா தோவான் என்பவர் மரத்தால் தலை செய்து செப்புத் தகடு போர்த்தித் தற்காலிகமாக வைத்தார். தற்காலிகக் கூரையை 1610இல் புயல் பெயர்த்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் புத்தர் திறந்தவெளியில் மழையில் நனைந்தார். உள்ளீடற்ற உலோகச் சிலைக்கு மழைதான் மெதுவான தீ. தகட்டின் இடுக்கு வழியே தண்ணீர் இறங்கி மரத்தை உள்ளேயே அழுகவைக்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

இரண்டாம் மீட்பு கோகெய் என்ற துறவியுடையது. 1684இல் ஷோகுன் (நாட்டை ஆண்ட படைத்தலைவர்) ஆட்சி அவருக்குத் தந்தது வசூல் செய்யும் அனுமதி மட்டுமே, பணம் அல்ல. ஒரு தாள், அரைக் காசு கொடுத்தாலும் போதும் என்று ஊர் ஊராகக் கேட்டார். 743ஆம் ஆண்டு ஆணையில் இருந்த ஒரு பிடி மண்ணுக்கும் இதற்கும் உள்ள உறவு யாருக்கும் தெரியும். 1690இல் தலை, 1692இல் கண் திறப்பு. மண்டபத்துக்கான பொருளும் திரட்டி வேலையைத் தொடங்கி வைத்தவர், அது முடிவதைப் பார்க்கவில்லை; 1705இல் எடோவில் (இன்றைய டோக்கியோ) இறந்தார். மண்டபம் 1709இல் முடிந்தது.

அந்த மண்டபமும் ‘பழையது’ அல்ல. முதல் மண்டபம் 86 மீட்டர் அகலம், இன்றுள்ளது 57 மீட்டர். முகப்பில் தூணுக்கும் தூணுக்கும் இடையே இருந்த பதினொரு கண்ணறைகள் ஏழாகக் குறைந்தன, பெரிய மரங்கள் கிடைக்காததால். தூண்களைப் பாருங்கள், ஒன்றும் ஒரே மரம் இல்லை. நடு மரத்தைச் சுற்றிப் பத்தைகளை வைத்து இரும்புப் பட்டை அடித்து இறுக்கியிருக்கிறார்கள். படத்தில் அந்தப் பட்டைகள் தெளிவாகத் தெரிகின்றன. கூரையைத் தாங்கும் இரண்டு நீண்ட உத்திரங்களுக்கான செம்பைன் மரங்கள் தெற்கே கியூஷு தீவின் கிரிஷிமா பகுதியிலிருந்து வந்தன. ஆனாலும் ஓட்டின் எடையில் கூரை தொய்ந்து, 1906 முதல் 1913 வரை நடந்த பழுதுபார்ப்பில் பிரிட்டனிலிருந்து வந்த எஃகுச் சட்டங்களைக் கூரைக்குள் மறைவாகப் பொருத்தினார்கள்.

கட்டுரையில் இருந்த எண்களில் ஒன்றிரண்டு. சிலையின் உயரம் 14.98 மீட்டர், முதலில் வார்த்தபோது பதிவான உயரம் சுமார் 15.8 மீட்டர். மீண்டும் மீண்டும் செய்ததில் ஏறக்குறைய ஓர் ஆளின் பாதி உயரம் குறைந்தது. தலையில் 966 சுருள் முடிகள் என்பது பழைய பதிவு. லேசர் அளவீட்டில் தெரிந்த எண்ணிக்கை 492. அதிலும் ஒன்பது உதிர்ந்திருக்கின்றன.

சிலையை நேரில் பார்க்கப் போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லாரும் முகத்தை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பீடத்தின் தாமரை இதழ்களைப் பாருங்கள். 8ஆம் நூற்றாண்டு இதழ்களில் உளிமுனையால் இழுத்த கோட்டுச் சித்திரங்கள் இருக்கின்றன: மேலே போதிசத்துவர்கள் சூழச் சாக்கியமுனி, நடுவே அடுக்கடுக்கான உலகங்களைக் குறிக்கும் நெடுங்கோடுகள், கீழே மேரு மலையும் கடல்களும். ஷோமு காலத்துக் கலைஞனின் கைக்கோடு சிலையில் நேரடியாக எஞ்சியிருப்பது அங்கேதான். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 7 அன்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வெள்ளை உடையில், கூரையிலிருந்து தொங்கும் பலகைகளில் உட்கார்ந்து சிலையின் தூசி துடைக்கிறார்கள். அன்று போனால் மனிதனுக்கும் சிலைக்கும் உள்ள அளவு வித்தியாசம் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் படத்தின் கீழே இப்படி இருக்கட்டும்: ‘தோதாய்ஜி பெரிய புத்தர், நாரா. பீடத்தின் ஒரு பகுதியும் மடியும் 8ஆம் நூற்றாண்டு. உடலின் பெரும்பகுதி 12ஆம் நூற்றாண்டு, சோகென் காலம். கைகள் 16ஆம் நூற்றாண்டு. தலை 1690, கோகெய் காலம்.’ இடம் குறைவு என்றால் வேறு எதை வெட்டினாலும் அந்த இரண்டு பெயர்களை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
உலோகச் சிற்பத் துறையைச் சேர்ந்த வாசகர்கள் இருவர்